காது மிஷின் வாங்கப் போகிறீர்களா? முதலில் ஆளைப் பாருங்கள்

எங்கள் அப்பா கோயம்புத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 31 வருடம் வேலை பார்த்தவர். அந்த மாதிரி மில்லில் இருந்து ரிட்டயர் ஆனவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், டி.வி. சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அப்பாவுக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த காது மிஷின், ஒரு காதுக்கு மட்டும் 42,000 ரூபாய், பதினோரு மாதம் பீரோவில் கிடந்தது. "சத்தம் கேக்குது, பேச்சுதான் புரியல" என்று கழற்றி வைத்தவர் திரும்ப எடுக்கவே இல்லை. இன்றைக்கு அதே மிஷினைத்தான் காலையில் பல் தேய்த்ததும் எடுத்து மாட்டிக்கொள்கிறார். நடுவில் மாறியது ஒன்றே ஒன்று, நாங்கள் போன இடம்.

அதனால் யாராவது என்னிடம் "எந்தக் கம்பெனி மிஷின் நல்லது?" என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. உலகத்தில் விற்கிற நல்ல மிஷின்களில் பெரும்பாலானவை ஐந்து பெரிய குழுமங்களிடம் இருந்து வருகின்றன. ஃபோனாக், யூனிட்ரான் இரண்டும் ஒரே குடும்பம். ஓட்டிகான், பெர்னாஃபோன் இன்னொரு குடும்பம். சிக்னியா, வைடெக்ஸ், ரெக்ஸ்டன் மூன்றும் ஒரு வீட்டுப் பிள்ளைகள் (பெரியவர்கள் இன்னமும் "சீமென்ஸ் மிஷின்" என்று சொல்வது இந்த சிக்னியாவைத்தான்). அப்புறம் ரீசவுண்ட், ஸ்டார்கி. இவற்றில் ஒரே விலையில் இருக்கிற இரண்டு மாடல்களுக்கு நடுவே இருக்கும் வித்தியாசத்தைவிட, ஒரே மாடலை நன்றாக செட் செய்தவருக்கும் அரைகுறையாக செட் செய்தவருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் மிகப் பெரியது. நாங்கள் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டது இது.

கடைக்கு முன்னால் ஈ.என்.டி. டாக்டர்

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், முதல் டெஸ்டுக்கு மிஷின் விற்கும் இடத்துக்குப் போகாதீர்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தாலே கேட்கும் திறன் குறையும், அதை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது. செவிப்பறையில் ஓட்டை, நடுக்காதில் நீர், எலும்பு இறுகிப் போவது போன்றவற்றுக்கு மருந்தோ ஆபரேஷனோ இருக்கிறது. மிஷின் விற்பவருக்கு இதையெல்லாம் தேடிப் பார்க்க வேண்டிய அவசியம் கிடையாது.

சில விஷயங்களுக்கு நாளைக்கு என்று தள்ளவே கூடாது. நேற்று வரை நன்றாகக் கேட்ட காது திடீரென்று ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாளிலோ மங்கிவிட்டால் அது அவசரம், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், ஸ்டீராய்டு சிகிச்சை ஆரம்ப நாட்களில் கொடுத்தால்தான் பலன் அதிகம். "சளியா இருக்கும், ரெண்டு நாள் பாப்போம்" என்று காத்திருந்து காதை இழந்தவர்கள் நிறைய. அதேபோல ஒரு காது மட்டும் மந்தமாவது, சீழ் வடிவது, தலைசுற்றலோடு சேர்ந்து வருவது, நாடித் துடிப்போடு சேர்ந்து காதில் இரைச்சல் கேட்பது, இதெல்லாம் இருந்தால் மிஷின் பேச்சே எடுக்க வேண்டாம், காரணத்தைக் கண்டுபிடிக்கிற வரைக்கும்.

எங்கெல்லாம் கிடைக்கிறது

மிஷின் கிடைக்கும் இடங்கள் பல தினுசு. ஈ.என்.டி. ஆஸ்பத்திரியோடு ஒட்டியிருக்கும் பிரிவு, கம்பெனிகளின் சொந்த ஷோரூம்கள், ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) தானே நடத்தும் சின்ன கிளினிக், கண்ணாடிக் கடையில் ஒரு மூலை, வீட்டுக்கு வந்து டெஸ்ட் செய்கிறவர்கள், ஆன்லைன், அரசு ஆஸ்பத்திரி.

ஆன்லைனில் ஆயிரம் இரண்டாயிரத்துக்கு வருவது பெரும்பாலும் வெறும் ஆம்ப்ளிஃபயர். எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி தூக்கிக் கொடுக்கும், மிக்ஸியையும் சேர்த்துத்தான். அதை விட்டுவிடுவோம்.

ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் பிரிவு என்றால் நம்பலாம் என்று நினைப்போம், பல இடங்களில் நம்பவும் செய்யலாம். ஆனால் சில ஆஸ்பத்திரிகளில் அந்த அறை வெளியாள் நடத்துவதாக இருக்கும், பில் வேறு பெயரில் வரும். தப்பில்லை, தெரிந்துகொண்டு போங்கள், அவ்வளவுதான். டாக்டர் ஒரு குறிப்பிட்ட கடையின் கார்டைக் கையில் கொடுத்து "இங்கேதான் போகணும்" என்றால், ஆடியோகிராம், அதாவது காது டெஸ்ட் ரிப்போர்ட், அதன் நகலை வாங்கிக்கொண்டு இன்னொரு இடத்திலும் விசாரியுங்கள். ஆடியோகிராம் நீங்கள் காசு கொடுத்து எடுத்த ரிப்போர்ட், அதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். தர மறுக்கிற இடத்தில் மிஷினும் வாங்க வேண்டாம்.

கம்பெனி ஷோரூமில் நல்ல விஷயம், அந்த பிராண்டை அவர்களுக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும், வேறு ஊரிலும் கிளை இருக்கும். கெட்ட விஷயம், உங்கள் காதுக்கு எது பொருந்தும் என்ற கேள்விக்கு அவர்களிடம் ஒரே பெயர்தான் பதில். அதோடு அங்கே வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி மாறுகிறார்கள். எங்களுக்கு நடந்தது அதுதான். விற்றவர் இரண்டாவது மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டார், அடுத்து வந்த பையன் ஒவ்வொரு தடவையும் அப்பாவைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தான்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பதினைந்து வருடமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும், இரண்டு மூன்று கம்பெனி மிஷின்களை வைத்திருக்கும் ஆடியாலஜிஸ்ட் கிடைத்தால் கடை சின்னதாக இருந்தாலும் அங்கேதான் போவேன். அது வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டு வரும் தூரத்திலும் இருக்க வேண்டும். ஏனென்றால் முதல் மூன்று மாதத்தில் நாலைந்து தடவையாவது போக வேண்டி வரும், ஒவ்வொரு தடவையும் மகனோ மகளோ லீவு போட்டுக் கூட்டிப் போகிற தூரம் என்றால் மூன்றாவது தடவையோடு நின்றுவிடும், மிஷின் பீரோவுக்குப் போய்விடும்.

வீட்டுக்கு வந்து பார்ப்பவர்களை ரிப்பேர், சுத்தம் செய்வது, சின்ன அட்ஜஸ்ட்மெண்ட் இதற்கெல்லாம் கூப்பிடலாம், நடக்க முடியாத பெரியவர்களுக்கு அது வரப்பிரசாதம். முதல் டெஸ்டை மட்டும் ஃபேன் ஓடுகிற, குக்கர் விசில் அடிக்கிற ஹாலில் செய்துகொள்ள வேண்டாம்.

போன இடத்தில் எதைக் கவனிப்பது

முதலில் ஆள். வெள்ளைக் கோட்டு போட்டவர் எல்லாம் ஆடியாலஜிஸ்ட் இல்லை. பேச்சு, செவித்திறன் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் நான்கு வருடப் பட்டப்படிப்பு பி.ஏ.எஸ்.எல்.பி., அதற்கு மேல் முதுகலை. இவர்கள் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண் இருக்கும். "உங்க ஆர்.சி.ஐ. நம்பர் என்னங்க?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். பதிவு செய்தவர் கோபப்பட மாட்டார், சுவரிலேயே மாட்டி வைத்திருப்பார். இல்லாதவர்தான் "நாங்க இருபது வருஷமா பண்றோம்" என்று ஆரம்பிப்பார்.

அடுத்து அறை. சத்தம் புகாத அறை வேண்டும், கனமான கதவு, சுவரில் பஞ்சு போன்ற தடுப்பு. உள்ளே உட்கார்ந்தால் உங்கள் மூச்சே உங்களுக்குக் கேட்கும். பஸ் ஹாரன் கேட்கிற அறையில் எடுத்த ஆடியோகிராம் வெறும் காகிதம்.

அப்புறம் டெஸ்ட். இதில்தான் நாங்கள் கோட்டை விட்டோம். முதல் கடையில் ஹெட்ஃபோனை மாட்டி பீப் பீப் என்று ஐந்து நிமிடம், முடிந்தது, உடனே கேட்டலாக் எடுத்துவிட்டார்கள். முறையான டெஸ்டில் ஹெட்ஃபோன் மட்டும் போதாது, காதுக்குப் பின்னால் எலும்பின் மேல் ஒரு சின்ன அதிர்வுக் கருவியை வைத்தும் பார்ப்பார்கள். காற்று வழியாக வரும் சத்தம் குறைவாகவும் எலும்பு வழியாக வருவது நன்றாகவும் கேட்டால் கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது, சிகிச்சைக்கு வழி இருக்கலாம். இரண்டும் சமமாகக் குறைந்திருந்தால் உள்காது அல்லது நரம்பு. தேவைப்பட்டால் ஒரு காதைச் சோதிக்கும்போது மற்றக் காதில் இரைச்சல் கொடுத்து அதை மறைத்து வைப்பார்கள், இல்லாவிட்டால் நல்ல காது கெட்ட காதுக்காகப் பதில் சொல்லிவிடும்.

பேச்சு டெஸ்ட் செய்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, திருப்பிச் சொல்ல வைப்பார்கள். மில் சத்தத்தில் அடிபட்ட காதிலும் வயதான காதிலும் முதலில் போவது மேல் அலைவரிசை, அதாவது கீச்சென்ற மெல்லிய சத்தங்கள். உயிரெழுத்துகள் கனமானவை, அவை கேட்டுவிடும். க, ச, த, ப இவற்றின் மெல்லிய நுனிகள்தான் காணாமல் போகும். அம்மா "தட்டு எங்க?" என்பார், அப்பா "பட்டு எதுக்கு இப்ப?" என்பார். வீட்டில் நாங்கள் சிரித்திருக்கிறோம், சிரித்திருக்கக் கூடாது. சத்தம் கேட்கிறது, பேச்சு புரியவில்லை என்று அவர் சொன்னதற்கு இதுதான் அர்த்தம். பீப் சத்தத்தை மட்டும் அளந்தால் இது எப்படித் தெரியும்?

கடைசியாக, மிஷினை மாட்டிய பிறகு சரிபார்க்கிறார்களா என்பது. கம்ப்யூட்டரில் உங்கள் ஆடியோகிராமைப் போட்டால் மென்பொருள் தானாக ஒரு செட்டிங் கொடுக்கும், அது ஒரு உத்தேசம்தான். நிறைய இடங்களில் அந்த உத்தேசத்தோடு அனுப்பிவிடுகிறார்கள். நல்ல இடத்தில் மெல்லிய சிலிகான் குழாயைக் காதுக்குள் விட்டு, மிஷின் ஓடும்போது செவிப்பறைக்குப் பக்கத்தில் எவ்வளவு சத்தம் போய்ச் சேர்கிறது என்று அளப்பார்கள். ரியல் இயர் மெஷர்மெண்ட் என்று பெயர். எல்லா ஊரிலும் இது கிடைக்காது. இல்லையென்றால் மிஷினை மாட்டிக்கொண்டு மறுபடி டெஸ்ட் அறைக்குள் உட்கார வைத்து, முன்பைவிட எவ்வளவு முன்னேற்றம் என்றாவது காட்ட வேண்டும். "இப்ப நல்லா கேக்குதா?" என்று இரண்டடி தூரத்தில் நின்று உரக்கக் கேட்பது டெஸ்ட் இல்லை.

அப்பா விஷயத்தில் என்ன நடந்தது என்றால், அவருக்குக் காதின் அளவெடுத்துச் செய்கிற மோல்டு போட்டிருக்க வேண்டும், முதல் கடையில் ரெடிமேட் ரப்பர் மூடியை மாட்டிவிட்டார்கள். அது சரியாக அடைக்காததால் விசில் அடித்தது. விசிலை நிறுத்த சத்தத்தைக் குறைத்தார்கள். சத்தம் குறைந்ததும் மிஷின் இருந்தும் இல்லாத மாதிரி ஆனது. இரண்டாவது இடத்தில் இருந்த ஆடியாலஜிஸ்ட் அம்மா அரை மணி நேரம் எதையும் விற்காமல் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தார், யார் பேசினால் புரியவில்லை, எங்கே சிரமம், எந்தக் காதில் ஃபோன் பேசுகிறீர்கள் என்று. பிறகு மோல்டுக்கு அச்சு எடுத்தார், ஒரு வாரம் கழித்து வரச் சொல்லி அதே மிஷினைத் திரும்ப செட் செய்தார். மோல்டுக்கும் அவர் நேரத்துக்கும் சேர்த்து நாங்கள் கொடுத்தது புது மிஷின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

காசு

விலை சொல்லும்போது ஒரு காதுக்கா, ஜோடிக்கா என்று கேளுங்கள். எம்.ஆர்.பி.யை ஏற்றி வைத்து "உங்களுக்காக 40 சதவீதம் தள்ளுபடி, இன்னிக்கு மட்டும்" என்பது வழக்கமான வித்தை. காது மிஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் மிஷின் விலைக்கு மேல் வரி போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். பேட்டரி, மற்ற சாமான்கள் கணக்கு வேறு.

சேனல் (சத்தத்தைப் பிரித்துத் தனித்தனியாகச் சரிசெய்யும் பகுதி) எத்தனை, ஏ.ஐ. இருக்கிறதா என்று அடுக்குவார்கள். விலை ஏற ஏறக் கிடைக்கும் லாபம் பெரும்பாலும் கூட்டத்தில்தான் தெரியும், கல்யாண மண்டபம், ஹோட்டல், மீட்டிங். வீட்டில் நாலு பேரோடு பேசி, கோயிலுக்குப் போய் வருகிற பெரியவருக்கு நடுத்தர மாடல் தாராளம். இரண்டு காதும் மந்தமாக இருந்தால், ஒரே ஒரு காதுக்கு உசத்தி மிஷின் வாங்குவதைவிட அதே பணத்தில் இரண்டு காதுக்கும் நடுத்தர மிஷின் வாங்குவது மேல். எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறார்கள் என்று தெரிய இரண்டு காதும் வேண்டும். அப்பாவின் இடது காதுக்கான மிஷினை நாங்களும் பிற்பாடுதான் வாங்கினோம்.

பணம் கட்டுவதற்கு முன் இதையெல்லாம் எழுதி வாங்குங்கள்: வீட்டில் வைத்துப் பார்க்க எத்தனை நாள் தருவீர்கள், பிடிக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள், எத்தனை வருடம் வாரண்டி, செட்டிங் மாற்ற வந்தால் காசு உண்டா. வேறு ஊரில் வேறு ஆடியாலஜிஸ்டால் இந்த மிஷினைத் திறந்து செட் செய்ய முடியுமா என்பதையும் கேட்டுவிடுங்கள், தங்கள் கிளைகளில் மட்டுமே திறக்கும்படி பூட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சீரியல் நம்பர் பில்லில் இருக்க வேண்டும்.

அரசு வழி

காசு இல்லை என்பதற்காக ஆயிரம் ரூபாய் ஆம்ப்ளிஃபயருக்குப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினை இலவசமாகத் தருகிறார்கள். இதற்கு அரசு மருத்துவமனையில் டெஸ்ட் எடுத்து, சான்றிதழும் யு.டி.ஐ.டி. கார்டும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) வாங்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் இழப்பு என்றால் கேட்கும் திறன் குறைந்தவர், 70 டெசிபெல்லோ அதற்கு மேலோ என்றால் காது கேளாதவர். லேசான குறைபாட்டுக்கு இந்த வழி திறக்காது. உதவிக் கருவிகள் வாங்க உதவும் மத்திய அரசின் அடிப் திட்டத்தில், 40 சதவீதக் குறைபாடு என்று சான்றிதழ் உள்ளவர்களுக்கு மாத வருமானம் 22,500 ரூபாய் வரை என்றால் முழுச் செலவும், 30,000 வரை என்றால் பாதியும் கிடைக்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருக்கும் 60 வயது தாண்டியவர்களுக்கு 2017இல் தொடங்கிய வயோஸ்ரீ திட்டம் இருக்கிறது, முகாம் போட்டுக் கொடுப்பார்கள். முகாமில் வாங்கினால் மிஷினைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், உங்கள் ஆடியோகிராமுக்கு செட் செய்தார்களா என்று கேட்டு, அங்கேயே மாட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

டெஸ்டை நம்பகமாக, செலவு குறைவாக எடுக்க சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனமான என்.ஐ.இ.பி.எம்.டி., புதுச்சேரி ஜிப்மர் இதெல்லாம் இருக்கின்றன. தனியாரில் வேலூர் சி.எம்.சி., போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா இரண்டிலும் இதற்கென்றே துறை உண்டு, மாணவர்கள் டெஸ்ட் செய்தாலும் மேலே பேராசிரியர் இருப்பார். எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு வழி மைசூரு. 1965இல் தொடங்கிய அகில இந்திய பேச்சு, செவித்திறன் நிறுவனம் அங்கேதான் இருக்கிறது, மிஷினைச் சலுகை விலையிலும் தருகிறார்கள். சத்தியமங்கலம், திம்பம் வழியாக பஸ் இருக்கிறது. ஒரு நாள் முழுக்கப் போகும், டிபன் கட்டிக்கொண்டு போங்கள். டெஸ்டுக்கும் இரண்டாவது கருத்துக்கும் அருமையான இடம், மாதாமாதம் செட்டிங் மாற்ற மட்டும் தூரம்.

குழந்தைகள் விஷயம் முற்றிலும் வேறு, ஒரே வரி சொல்கிறேன்: பிறந்த குழந்தை சத்தத்துக்குத் திரும்பவில்லை என்று சந்தேகம் வந்தால் எந்தக் கடைக்கும் போகாமல் நேராக மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளாண்ட் (ஆபரேஷன் செய்து உள்காதில் பொருத்தும் கருவி) முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது, "லேட்டா பேசும், அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்று சொல்லும் பாட்டிகளைக் கேட்டு நாட்களைக் கடத்தாதீர்கள்.

வாங்கிய பிறகு

முதல் வாரம் எல்லாச் சத்தமும் இரும்புப் பாத்திரத்தில் தட்டுவது மாதிரி இருக்கும். மூளை அந்தச் சத்தங்களை மறந்து வருடக் கணக்கு ஆகியிருக்கும், பழக வாரங்கள் பிடிக்கும். முதல் நாள் இரண்டு மணி நேரம் வீட்டுக்குள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக. அப்பாவை முதல் நாளே கல்யாணத்துக்கு மிஷினோடு கூட்டிப்போனது எங்கள் முட்டாள்தனம், அதைக் கடைக்காரர் தலையில் கட்ட மாட்டேன். எது சரியில்லை என்று ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போங்கள். "நல்லாயில்ல" என்று சொன்னால் ஆடியாலஜிஸ்டால் எதையும் திருத்த முடியாது. "டம்ளர் வைக்கிற சத்தம் குத்துது, பேத்தி பேசுறது மட்டும் புரியல" என்றால் எங்கே கை வைப்பது என்று அவருக்குத் தெரியும்.

பேட்டரியில் அளவு எண்ணுக்கு ஒரு நிறம் உண்டு, அதைப் பார்த்து வாங்குங்கள்: 10 மஞ்சள், 312 பிரவுன், 13 ஆரஞ்சு, 675 நீலம். ஸ்டிக்கரைப் பிரித்ததும் உடனே போடாமல் ஒரு நிமிடம் காற்றுப் படும்படி வைத்தால் முழுச் சக்தி வரும். கை நடுங்குகிறவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் சார்ஜ் போடுகிற மாடல் நல்லது. நம் ஊர் வியர்வைதான் மிஷினுக்கு முதல் எதிரி. ராத்திரி பேட்டரி கதவைத் திறந்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். அப்பாவுடையது ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது.